சிவந்த நாக்கு

தேக்கா வட்டாரத்து ஓட்டப் பந்தயத்தில் நாக்கை நீட்டிக் காட்டாதவனுக்குப் பரிசு கிடையாது. வெளியாட்கள் இதைக் கேட்டால் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். அந்த வழக்கம் வந்த கதையைக் கேட்டால் இன்னும் கொஞ்சம் சிரிப்பார்கள்.

கெர்பாவ் ரோடு இளைஞர் மன்றம் பொங்கலையொட்டி ஓட்டப் பந்தயம் நடத்தத் தொடங்கிய இரண்டாம் வருஷம். பால்காரர் வீட்டு இளவட்டம் ஒருவன் மற்றவர்களையெல்லாம் வெகு தூரம் பின்னால் விட்டுவிட்டு முதலில் வந்து சேர்ந்தான். மாலை போட்டார்கள், தோளில் தூக்கினார்கள், படம் எடுத்தார்கள். மறுநாள்தான் பாதி வழியில் காப்பிக் கடை வைத்திருந்த சீனர் வந்து விஷயத்தைச் சொன்னார். அந்த மகராசன் அவர் கடையில் காலை நீட்டி உட்கார்ந்து காப்பி குடித்திருக்கிறான். மற்றவர்கள் பாலத்திலிருந்து திரும்பி வருவது கண்ணில் பட்டதும், காப்பி பிரமாதம் என்று பாராட்டிவிட்டு எழுந்து ஓடியிருக்கிறான்.

மன்றத் தலைவர் கோவிந்தசாமி தையல்காரர். அளவு தப்பினால் அவருக்குச் சோறு இறங்காது. யோசித்து யோசித்து அவர் கண்டுபிடித்ததுதான் சிரப். சிராங்கூன் சாலை வடக்கே போய் ஆற்றைத் தாண்டுகிற பாலத்தில், ஓட்டக்காரர்கள் திரும்ப வேண்டிய இடத்தில், ஒரு தொட்டி நிறைய ரோஜா சிரப் கரைத்த தண்ணீர் இருக்கும். ஒவ்வொருவனும் ஒரு குவளை குடித்துவிட்டுத் திரும்ப வேண்டும். தேக்காவில் முடிவுக் கோட்டைத் தொட்டதும் கோவிந்தசாமி, "நாக்கை நீட்டு" என்பார். சிவந்திருந்தால் பாலம்வரை போனவன். சிவக்காவிட்டால் காப்பிக் கடை கேஸ்.

இன்னொரு வழக்கமும் உண்டு. முடிவுக் கோட்டில் நூல் கட்டுவதில்லை. பஃபலோ ரோட்டுப் பூக்கடையிலிருந்து நீளமான மல்லிகைச் சரம் ஒன்று வரும். அதன் ஒரு முனையைக் கோவிந்தசாமி பிடித்துக்கொள்வார். மறுமுனை விளக்குக் கம்பத்தில், முதல் ஆள் வந்ததும் அவன் கையில். பின்னால் வருகிற ஒவ்வொருவனும் மார்பால் சரத்தைத் தொட்டதும் ஜெயித்தவன் தன் முனையை விட்டுவிடுவான், அடுத்தவனுக்காக மறுபடி எடுத்துப் பிடிப்பான். கடைசி ஆள் வந்து சேரும்வரை ஜெயித்தவன் உட்காரக்கூடாது, கோப்பையும் மேசையை விட்டு நகராது. ஜெயித்த திமிரை இறக்க இதைவிட நல்ல வைத்தியம் கிடையாது என்பது கோவிந்தசாமியின் கட்சி. கூட்டமும் கடைசி ஆள் வரும்வரை ஐந்தடி நடைபாதையை விட்டு நகராது. மூச்சு வாங்கிக்கொண்டு கடைசியில் வருகிற சமையல்காரருக்குத்தான் அந்தத் தெருவில் கைதட்டல் அதிகம்.

வேலாயுதம் ஓடத் தொடங்கிய வருஷத்திலிருந்து அந்தச் சரத்தின் முனையைப் பிடித்தவன் நூர்தீன்தான். வேலாயுதம் எப்போதும் இரண்டாவது.

வேலாயுதம் அரசாங்க அலுவலகம் ஒன்றில் பியூன். நூர்தீன் டன்லப் தெருவில் அப்துல் அலீம் மளிகைக் கடையில் மூட்டை தூக்குகிறவன். இருவருக்கும் ஃபேரர் பார்க் திடல்தான் பழக்கம் ஏற்படுத்தியது. விடிந்தும் விடியாததுமாகச் சேர்ந்து ஓடிவிட்டு, தேக்கா மார்க்கெட்டில் தங்கம் கடையில் தோசை தின்னப் போவார்கள். தங்கம் வேலாயுதத்தின் அக்கா. தாய் தகப்பன் போன பிறகு தோசைக் கல்லை நம்பித் தம்பியை ஆளாக்கியவள். நூர்தீனும் அவளை அக்கா என்றுதான் கூப்பிடுவான், தம்பிக்கு வைப்பதைவிட அவனுக்கு ஒரு தோசை கூடத்தான் வைப்பாள். வருஷா வருஷம் பாலத்தில் நின்று சிரப் குவளையை நீட்டுகிறவளும் அவள்தான்.

சீனர்களும் மலாய்க்காரர்களும் மோதிக்கொண்ட கலவரத்துக்குப் பிறகு ஒரு வருஷம் ஓட்டமே நடக்கவில்லை. கூட்டம் கூடப் போலீஸ் அனுமதி கிடைக்கவில்லை. தெருவே ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் சீக்கிரம் கதவடைத்துக்கொண்ட காலம் அது. நாடு தனியாகப் பிரிந்த பிறகு, அறுபத்தாறாம் வருஷப் பொங்கல் முடிந்த ஞாயிற்றுக்கிழமைக்குக் கோவிந்தசாமி அலையாய் அலைந்து அனுமதி வாங்கி வந்தார். வாங்கி வந்த பிறகுதான் அது நோன்பு மாதம் என்பது உறைத்தது. தேதியை மாற்றப் போனால் அனுமதியே போய்விடும். அப்துல் அலீம்தான் வழக்கம்போல கோப்பையும் சிரப்பும் தருகிறவர். ஓட்டம் நடப்பதுதான் முக்கியம், மறுபடி எல்லாரும் சாலைக்கு வந்து நிற்பதுதான் முக்கியம் என்று அவர் சொல்லிவிட்டார். நூர்தீனைக் கேட்டதற்கு, "நோன்போட மூட்டை தூக்கறேன், ஓட மாட்டேனா?" என்று சிரித்தான்.

அந்த வருஷம் வேலாயுதத்துக்கு வேறொரு காரணம் இருந்தது. ஊரின் பெரிய ஓட்டக் கழகத்திலிருந்து ஒருவர் பந்தயத்தைப் பார்க்க வருகிறார் என்று செய்தி வந்திருந்தது. முதலில் வருகிறவனைக் கழகத்தில் சேர்த்துக்கொள்வார்கள். ஓடுவதற்கான ஆணிச் செருப்பு, பயிற்சியாளர், கோடு போட்ட திடல், அப்புறம் நாட்டு அணிக்கான தேர்வு ஓட்டம். இங்கிலீஷ் பள்ளிக்கூடத்தில் படித்தவர்களுக்கு அந்தக் கதவு சின்ன வயதிலேயே திறந்துவிடும். பியூனுக்கும் மூட்டைக்காரனுக்கும் இந்தத் தெரு ஓட்டத்தைத் தவிர வேறு கதவு கிடையாது. அதுவும் ஒரே ஒரு ஆள்தான் நுழையலாம். வேலாயுதத்துக்கு வயது ஏறிக்கொண்டிருந்தது. அடுத்த வருஷம் தன் காலில் இந்த வேகம் இருக்காது என்று அவனுக்குத் தெரியும். இந்தத் தடவை நூர்தீன் நோன்பு என்று நினைத்தபோது அவன் மனதுக்குள் ஒரு சின்ன சந்தோஷம் எட்டிப் பார்த்தது. சீ என்று அதை அதட்டி உட்கார வைத்தான். அது உட்கார்ந்ததே தவிரப் போகவில்லை.

அன்று காலை சிரப்பைக் கரைத்தவன் நூர்தீன்தான். பட்டினி வயிற்றோடு முழங்கைவரை தொட்டிக்குள் விட்டுக் கலக்கினான். இனிப்புப் போதுமா என்று பார்க்க அவனால் முடியாது என்பதால் தங்கம்தான் நாக்கில் விட்டுப் பார்த்தாள். பிறகு தொட்டியோடு தங்கம் கடை வேனில் பாலத்துக்குப் போனாள்.

வெயில் தாழ்ந்ததும் ஓட்டம் தொடங்கியது. சாலையின் இரண்டு பக்கமும் ஜனம். தமிழர்கள், சீனர்கள், கடைவாசலில் கயிற்றுக் கட்டில் போட்டிருக்கும் சீக்கியக் காவலாளி, நாற்காலி மேல் ஏறி நின்ற மலாய்ப் பெண்கள். பெருமாள் கோயில் தாண்டுவதற்குள் மற்றவர்கள் பின்தங்கிவிட்டார்கள். வேலாயுதமும் நூர்தீனும் மட்டும் தோளோடு தோளாகப் போனார்கள். நூர்தீனின் உதடு காய்ந்து வெடித்திருந்தது, ஆனாலும் கால் சோரவில்லை.

பாலத்தில் தங்கம் இரண்டு கையிலும் குவளையோடு நின்றாள். வேலாயுதம் எட்டி வாங்கினான். வயிறு முட்டக் குடித்துவிட்டு ஓட எவனால் முடியும்? வேகமாக ஓடுகிறவர்கள் எல்லாரும் செய்கிற வேலையைத்தான் அவனும் செய்தான். ஒரு வாய் எடுத்து நாக்கைப் புரட்டினான், பாலத்துச் சுவருக்கு அந்தப் பக்கம் துப்பினான், மிச்சத்தோடு குவளையைத் திருப்பிக் கொடுத்தான். நூர்தீன் நெஞ்சில் கை வைத்து வேண்டாமென்று தலையை ஆட்டினான். தங்கம் அவன் குவளையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டாள். இருவரும் ஒன்றாகத்தான் பாலத்தை விட்டுக் கிளம்பினார்கள்.

தேக்கா மார்க்கெட்டின் கூரை தெரிகிறவரை வேலாயுதம் ஒரு அடி முன்னால். சரத்தின் வெள்ளை கண்ணில் பட்டபோது நூர்தீன் எங்கிருந்து எடுத்தானோ, ஒரு மூச்சு எடுத்தான். ஒரு கை தூரம் முந்தி அவன் மார்பு பூவைத் தொட்டது.

கூட்டம் ஆர்ப்பரித்தது. கோவிந்தசாமி நூர்தீனின் கையைத் தூக்கிப் பிடித்தார், சரத்தின் முனையை அவன் விரலில் கொடுத்தார். நாக்கை நீட்டு என்று சொல்லவில்லை. அங்கே நின்ற யாருக்கும் அதைக் கேட்கத் தோன்றவில்லை. வேலாயுதத்தைத் தவிர.

"நாக்கைப் பாக்கலையே அண்ணே" என்றான் அவன்.

சொன்ன குரல் தன்னுடையதுதானா என்று அவனுக்கே திக்கென்றது. பக்கத்தில் இருந்தவர்கள் அவன் பக்கம் திரும்பினார்கள். கோவிந்தசாமி அவன் அருகில் வந்து தணிந்த குரலில், "நோன்பு மாசம் வேலு" என்றார். அவன் வாயை மூடிக்கொள்ள அவர் கொடுத்த வழி அது. அதோடு விட்டிருந்தால் களைப்பில் உளறினான் என்று போயிருக்கும்.

"எனக்குத் தெரியும் அண்ணே. ஆனா நான் நின்னு குடிச்சேன், அவன் குடிக்கல. அந்த நேரத்துலதான் எனக்குப் போச்சு. சட்டம் எல்லாருக்கும் ஒண்ணுதானே?"

வெள்ளைத் தொப்பி போட்ட கழகத்துக்காரர் என்ன தகராறு என்று கேட்டார். யாரோ அவருக்கு இங்கிலீஷில் விளக்கினார்கள். அவர் கெட்டவர் இல்லை, அந்தத் தெருவின் மனிதரும் இல்லை. விதி என்று ஒன்று இருந்தால் அதன்படி நடப்பதுதான் முறை, தனக்கு வேண்டியது ஒரு பெயர்தான் என்று சொல்லிவிட்டுக் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். கோவிந்தசாமியின் முகம் சுண்டிப்போயிற்று. தானே வெட்டித் தைத்த சட்டை தன் கழுத்தையே பிடிக்கும் என்று அவர் எதிர்பார்க்கவில்லை.

நூர்தீன்தான் அவரைக் காப்பாற்றினான். "அவன் சொல்றது சரிதான் அண்ணே. நான் குடிக்கல" என்று சொல்லிச் சரத்தின் முனையை வேலாயுதத்தின் கையில் வைத்தான். கோபம் இல்லை. கோபப்பட்டிருந்தால் வேலாயுதத்துக்குச் சௌகரியமாக இருந்திருக்கும்.

"அப்போ நான் ஓட்டத்த முடிக்கல, அவ்வளவுதானே? பாலத்துல போய்க் குடிச்சிட்டு வந்தா முடிச்சதா ஆகுமா?" என்று நூர்தீன் கேட்டான். கோவிந்தசாமி தலையாட்டினார். எத்தனை மணிக்குள் குடிக்க வேண்டும் என்று அவர் விதியில் எங்கும் இல்லை.

"சரி லா. சரத்தை எடுத்துடாதீங்க. நோன்பு திறந்துட்டு வந்துடறேன்."

சொல்லிவிட்டு, ஓடி வந்த அதே சாலையில் ஐந்தடி நடைபாதை வழியாகத் திரும்பி நடந்தான். ஒவ்வொரு கடை வாசலிலும் ஜனம் விலகி அவனுக்கு வழிவிட்டது.

அதன் பிறகுதான் வேலாயுதத்துக்கு அந்தச் சரத்தின் கனம் தெரிந்தது. பூச்சரத்துக்கு என்ன பெரிய கனம்? ஆனால் அவன் கை இறங்கியது. மற்றவர்கள் ஒவ்வொருவராக வந்தார்கள். ஆஸ்பத்திரி ஊழியர், மாநகரத் தோட்டக்காரர், பள்ளிக்கூடத்து மாணவர்கள். மார்பால் பூவைத் தொட்டார்கள், நாக்கை நீட்டினார்கள், சிவப்பு என்றார் கோவிந்தசாமி. மற்ற வருஷங்களில் வந்து சேர்கிறவர்கள் சரம் பிடித்தவனைக் கட்டிக்கொள்வார்கள், வியர்வையை அவன்மேல் துடைத்து வம்பு செய்வார்கள். இந்த வருஷம் விஷயம் சாலை முழுக்க அவர்களுக்கு முன்னால் ஓடிவிட்டது. வந்தவர்கள் கோவிந்தசாமியைக் கட்டிக்கொண்டார்கள், வேலாயுதத்தைச் சுவரைப் பார்ப்பதுபோலப் பார்த்துவிட்டு நகர்ந்தார்கள்.

கழகத்துக்காரர் அவன் பெயரைக் கேட்டு எழுதிக்கொண்டார். திங்கட்கிழமை வந்து பார்க்கச் சொல்லி, முதுகில் தட்டிக் கொடுத்துவிட்டுக் காரில் ஏறிப் போனார். இத்தனை வருஷம் கனவில் கண்ட தட்டு அது. அவனுக்கு முதுகு எரிந்தது.

கடைசியாகச் சமையல்காரர் வந்தார். கைதட்டல் எழுந்தது, அடங்கியது. வழக்கமாக அதோடு எல்லாரும் கலைந்துவிடுவார்கள். அன்று ஒருவரும் கலையவில்லை. அப்துல் அலீம் அருகிலிருந்த கடை வாசலில் ஒரு தட்டில் பேரீச்சம்பழத்தை வைத்துக்கொண்டு வானத்தைப் பார்த்திருந்தார். கோப்பை மேசைமேல் இருந்தது. வெளிச்சம் மங்கிக்கொண்டே வந்தது. கோவிந்தசாமி தன் முனையை விடவில்லை. வேலாயுதம் மறுமுனையில் நின்றான்.

நிற்க நிற்க அவன் மனம் பாலத்துக்குப் போயிற்று. அங்கே இந்நேரம் அக்காவும் நூர்தீனும் சுவரோரமாக உட்கார்ந்திருப்பார்கள். தான் செய்ததை அவன் அக்காவிடம் சொல்லியிருப்பானா? சொல்ல மாட்டான். ஏன் திரும்பி வந்தாய் என்று அவள் கேட்டால், குடிக்க மறந்துவிட்டேன் என்பான். அவள் விட மாட்டாள், தோண்டி எடுத்துவிடுவாள். அந்த முகம் எப்படி மாறும் என்று நினைத்ததும் அவன் வடக்குப் பக்கமிருந்து பார்வையைத் திருப்பிக்கொண்டான்.

அப்போதுதான் இன்னொன்றும் ஞாபகம் வந்தது. அவன் குவளையை வாங்கி, வாயைப் புரட்டி, சுவருக்கு அப்பால் துப்பிய அந்த நேரத்தில் நூர்தீன் என்ன செய்தான்? ஓடியிருக்கலாம். கையில் குவளை இல்லை, தடுக்க ஆளில்லை. ஓடவில்லை. பாலத்துச் சுவரில் கை வைத்து, இவன் துப்பி முடிக்கும்வரை நின்றிருந்தான். அதனால்தான் இருவரும் ஒன்றாகக் கிளம்பினார்கள். ஒரு அடிகூட நூர்தீன் எடுத்துக்கொள்ளவில்லை. அந்த நேரத்தில்தான் எனக்குப் போச்சு என்று நாலு பேருக்கு முன்னால் சொன்னது சுத்தப் பொய். சொல்லும்போதே அது பொய் என்று தனக்குத் தெரியுமா தெரியாதா என்று வேலாயுதம் தன்னைக் கேட்டுப் பார்த்தான். தெரியும் என்றுதான் பதில் வந்தது. நான் குடிச்சேன் என்றதும் பொய். அது துப்பும்போதே தெரியும். வெட்கம் காதிலிருந்து கழுத்துவரை சுட்டது. ஓடிப்போய் எங்காவது ஒளிந்துகொள்ளலாம் என்றால் கையில் சரம் இருந்தது. விட்டுவிட்டுப் போனால் வழக்கம் கெடும். இத்தனைக்குப் பிறகு வழக்கத்தைக் காப்பாற்றுகிற யோக்கியன் என்று தன்னைத் தானே திட்டிக்கொண்டான்.

டன்லப் தெருப் பள்ளிவாசலிலிருந்து தொழுகைக்கு அழைக்கும் பாங்கு கேட்டது. அப்துல் அலீம் ஒரு பழத்தை வாயில் போட்டுக்கொண்டார். யாரோ ஒருவர், "இப்ப அங்க குடிச்சிருப்பான்" என்றார். தெரு முழுக்க வடக்கே பார்த்தது.

ஒளி போய்த் தெருவிளக்குகள் வந்தன. பெருமாள் கோயில் பக்கமிருந்து ஒரு சத்தம் கிளம்பி, கடை கடையாகக் கைமாறிக்கொண்டு நெருங்கியது. வேலாயுதம் ஆளைப் பார்ப்பதற்கு முன்னால் அந்தச் சத்தத்தைத்தான் கேட்டான். சமையல்காரருக்குக்கூட அப்படி ஒரு கைதட்டல் கிடைத்ததில்லை. நூர்தீன் அவசரப்படாமல், வயிற்றைப் பிடித்துக்கொண்டு, சிரித்தபடி ஓடி வந்தான். அவனுக்குப் பின்னால் கடை வேன் ஊர்ந்து வந்தது. அதில் தொட்டியும் தங்கமும்.

மார்பு பூவைத் தொட்டது. வேலாயுதம் முனையை விட்டான். நூர்தீன் தானாகவே நாக்கை நீட்டினான். அடிநாக்குவரை சிவப்பு.

"முடிச்சிட்டேனா அண்ணே?"

"முடிச்சிட்டே" என்றார் அவர்.

நூர்தீன் கோப்பையைப் பார்க்கக்கூட இல்லை. "கப்பு வேலுவுக்குத்தான். நான் கடைசி ஆள்" என்று சொல்லிச் சிரித்துவிட்டு, முதலாளி நீட்டிய பழத்தை வாங்கப் போனான். கணக்குத் தீர்ந்தது என்று கூட்டமும் மெல்ல அசையத் தொடங்கியது.

தங்கம் வேனிலிருந்து இறங்கினாள். வேலாயுதம் அவள் வாயையே பார்த்தான். இவனும் துப்பினான் என்று அவள் சொல்லட்டும். சொன்னால், எல்லாரும்தான் துப்புகிறார்கள் என்று பதிலுக்குக் கத்தலாம், கோபப்படலாம், அழலாம். அவள் சொல்லவில்லை. தம்பியின் முகத்தையும் பார்க்கவில்லை. குவளைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கித் தொட்டிக்குள் வைத்தாள். அவள் பேசியிருந்தால் அவன் மறுத்துப் பேசியிருப்பான். அவள் பேசாததுதான் அவனைப் பிடித்துத் தள்ளியது.

"நானும் குடிக்கல" என்றான்.

யாருக்கும் கேட்கவில்லை. கோவிந்தசாமி மட்டும் திரும்பினார். வேலாயுதம் இன்னும் உரக்க, அசைந்த கூட்டம் நிற்கும்படி சொன்னான்.

"நான் குடிக்கல அண்ணே. வாயை நனைச்சுத் துப்பிட்டேன். நான் துப்பி முடிக்கிற வரைக்கும் நூரு அங்கேயே நின்னான். அவன் ஒரு அடிகூட முந்திப் போகல. நான் சொன்னது பொய்."

சொல்லி முடித்ததும் நெஞ்சு லேசாகும் என்று எதிர்பார்த்தான். ஒன்றும் லேசாகவில்லை. தெருவே பார்க்க, உரித்த கோழிபோல நின்றான். ஆஸ்பத்திரி ஊழியர் குனிந்து தன் காலைப் பார்த்தார். தோட்டக்காரருக்குத் திடீரென்று கால்சட்டை நாடா முக்கியமாகிவிட்டது. கோவிந்தசாமி ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டே வந்தார். இத்தனை வருஷமும் தான் பார்த்துச் சிவப்பு சிவப்பு என்று சொன்ன நாக்குகளின் கதை அவருக்கு அப்போதுதான் விளங்கியது. சமையல்காரர் மட்டும், தான் ஒரு சொட்டு விடாமல் குடித்ததாகவும், வேண்டுமானால் வயிற்றைத் தட்டிப் பார்க்கலாம் என்றும் சொன்னார். சிலர் சிரித்தார்கள். வேலாயுதத்துக்குச் சிரிப்பு வரவில்லை.

"பேரை எழுதிட்டுப் போயிட்டாரே வேலு" என்றார் கோவிந்தசாமி.

"திங்கக்கிழமை நானே போய்ச் சொல்றேன். நூருவ கூட்டிட்டுப் போறேன். அவன் பேரை எழுதிக்கட்டும்."

அதைச் சொல்லும்போதுதான் கதவு சாத்திக்கொள்கிற சத்தம் அவனுக்குக் கேட்டது. அதைச் சாத்தியது தன் கைதான் என்பதால் யாரையும் நொந்துகொள்ளவும் வழியில்லை. பழத்தை மென்றுகொண்டிருந்த நூர்தீன் ஏதோ சொல்ல வாயெடுத்தான். அதற்குள் தங்கம் பேசினாள்.

"நோன்பு திறக்கறப்ப ரெண்டு குவளை ஊத்தினேன். ஒண்ண நூரு குடிச்சான். இன்னொண்ணு அங்கேயே பாலத்துச் சுவர்மேல மூடி வச்சிருக்கு."

அவ்வளவுதான் சொன்னாள். பிறகு தொட்டியைக் கவிழ்த்து மிச்சத் தண்ணீரைக் காவாயில் ஊற்றினாள். இனி தேக்காவில் யாருக்கும் சிரப் இல்லை.

வேலாயுதத்துக்குப் புரியக் கொஞ்ச நேரம் ஆயிற்று. புரிந்ததும் கண்ணீர் கண்ணை மறைத்தது. அவன் வாயைத் திறப்பதற்கு வெகு முன்னாலேயே, பாலத்தில் உட்கார்ந்திருந்தபோதே, அக்கா அவனுக்காக அந்தக் குவளையை ஊற்றி வைத்திருக்கிறாள். அவன் சொல்லாமலே இருந்திருந்தால் அந்தக் குவளை அங்கேயே இருந்திருக்கும், எறும்பு குடித்திருக்கும். தரையில் கிடந்த சரத்தின் முனையை எடுத்து நூர்தீனின் கையில் வைத்தான். "பிடி. வர்றேன்" என்றான்.

நூர்தீன் வாங்கிக்கொண்டான்.

இருட்டில் அந்தச் சாலை பகலில் ஓடிய சாலையாக இல்லை. போக்குவரத்தைத் திறந்துவிட்டிருந்தார்கள், பஸ்கள் உரசிக்கொண்டு போயின. கடை வாசல்களில் நின்றவர்களுக்கு விஷயம் தெரிந்திருந்தது. கைதட்டவில்லை, ஏசவும் இல்லை. காப்பிக் கடைச் சீனர் மட்டும் விளக்கைத் தூக்கிக் காட்டினார், அந்த இடத்தில் சாலையில் ஒரு பள்ளம் உண்டு. ஒவ்வொரு விளக்கின் கீழும் தன்னை யாரோ பார்க்கிறார்கள் என்ற கூச்சம் கூடவே ஓடி வந்தது. அதைப் பின்னால் விட அவன் காலில் வேகம் இல்லை.

பாலத்துச் சுவர்மேல் குவளை இருந்தது. வாழையிலைத் துண்டு போட்டு, காற்றில் பறக்காமல் மேலே ஒரு கல் வைத்திருந்தாள். வேலாயுதம் நின்று முழுவதையும் குடித்தான். சிரப் சூடேறிப்போய்த் தெவிட்டியது. தான் துப்பிய இடத்தை எட்டிப் பார்த்தான். இருட்டில் ஆறு தெரியவில்லை.

திரும்பி ஓடுவது பெரும்பாடாகிவிட்டது. வயிற்றில் தண்ணீர் குலுங்கியது, விலாவில் குத்தியது. இரண்டு இடத்தில் நடந்தான். ஆள் போயிருப்பார்கள், அதுவும் நல்லதுதான் என்று நினைத்துக்கொண்டு வந்தவன் தேக்கா முனையில் திரும்பியதும் திகைத்தான். கூட்டம் அப்படியே நின்றிருந்தது. கடைசி ஆள் வராமல் அந்தத் தெரு கலைந்ததில்லை. கைதட்டல் எழுந்தது. இன்றைக்கு மட்டும் வேண்டாம், இவனுக்கு வேண்டாம் என்று சொல்லத் தோன்றியது அவனுக்கு. அவன் சொல்லியா அவர்கள் கேட்கப்போகிறார்கள்? தலையைக் குனிந்துகொண்டே ஓடி வந்தான்.

வாடிய மல்லிகை மார்பில் பட்டது. நூர்தீன் முனையை விட்டுவிட்டு அவனுக்கு நேரே வந்து நின்றான். கோவிந்தசாமி வாயைத் திறப்பதற்குள் நூர்தீன் முந்திக்கொண்டான்.

"நாக்கை நீட்டு."

வேலாயுதம் தலையை நிமிர்த்தி நாக்கை நீட்டினான். நூர்தீன் அவன் தாடையைப் பிடித்துத் தெருவிளக்கின் பக்கம் திருப்பி, அவசரமே இல்லாமல், உள்நாக்குவரை பார்த்தான்.